காஞ்சிபுரம் பட்டு நெசவாளர்களும் அரசுச் செலவினத் திறனும்

அரசுச் செலவினத் திறன் என்பது அரசு செலவிடும் பணத்தில் எவ்வளவு பங்கு உரியவரைச் சென்றடைந்து அவர் வாழ்நிலையை மாற்றுகிறது என்பதைக் குறிக்கும் பொருளியல் கருத்து ஆகும். ஏழைகளுக்கெனச் செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாயிலும் 15 காசே அவர்களை அடைகிறது என்று 1985இல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி கூறியது இதனையே சுட்டுகிறது. பணம் எவ்வழியில் செல்கிறது என்பதைப் பொறுத்து இத்திறன் வேறுபடும். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும்.

மாவட்டச் சராசரி

வட்டார ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் மாவட்டங்களின் சராசரி வருமானத்தைக் கொண்டே அளக்கப்படுகிறது. காஞ்சிபுரம் 1997இல் தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை திறக்கப்பட்டது (இது 2014இல் மூடப்பட்டது). இத்தகைய ஆலைகளால் மாவட்டம் ஏட்டளவில் வளமானதாகத் தோன்றியது. ஆனால் அதே மாவட்டத்தின் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் கூலி இச்சராசரியில் தென்படுவதில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கைத்தறிக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. சராசரியை மட்டும் நோக்கி நிதி ஒதுக்கினால் இத்தகையோர் விடுபடுவர்.

தள்ளுபடியும் மின்சாரமும்

கூட்டுறவுச் சங்கங்கள் விற்கும் கைத்தறித் துணிகளுக்கு அரசு நெடுங்காலமாகத் தள்ளுபடி மானியம் வழங்கி வந்துள்ளது. இம்மானியம் விற்பனையைத் தொடர்ந்து செல்வது. நெசவாளரைத் தொடர்ந்து செல்வதன்று. சங்க உறுப்பினருக்கு இதனால் வேலை தொடர்ந்து கிடைக்கலாம். தனியார் முதலாளியிடம் முன்பணம் பெற்றுக் கூலிக்கு நெய்பவருக்கு இதில் பங்கில்லை. வெளியில் வாங்கிய சேலை சங்கச் சரக்காகக் காட்டப்பட்டால் மானியம் செலவாகும், தறி ஓடாது.

கைத்தறி நெசவாளர்களுக்கு 2006இல் இரு மாதங்களுக்கு 100 அலகு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. இது 2016இல் 200 ஆகவும் 2023இல் 300 ஆகவும் உயர்த்தப்பட்டது. கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு என்று வியப்போர் உண்டு. இருண்ட அறையில் பட்டு இழையைப் பிரித்தறிய விளக்கு வேண்டும். மின்கட்டணத்திலேயே கழிக்கப்படுவதால் இடையில் எவரும் எடுக்க இயலாது. எனினும் இது வீட்டுச் செலவைக் குறைக்குமே தவிரக் கூலியை உயர்த்தாது.

பள்ளிக்கான செலவு

உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் இணைக்கும் கோர்வை நெசவுக்குத் துணையாள் ஒருவர் தேவை. முன்னர் இவ்வேலையைச் சிறுவர்களே செய்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்ட குழந்தைகளை மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. 1988இல் தொடங்கிய தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் மீட்கப்பட்ட குழந்தைகளுக்குக் கல்வி அளித்தன. சத்துணவுத் திட்டம் அவர்கள் பள்ளியில் நீடிக்க உதவியது. நெசவுக்கென ஒதுக்கப்படாத இப்பணமே நெசவாளர் குடும்பங்களில் ஆழ்ந்த மாற்றத்தை உண்டாக்கியது எனலாம்.

சிறுவர்கள் விலகிய இடத்தில் இன்று பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் அமர்கின்றனர். கூலி சேலைக்கு இவ்வளவு என நெசவாளர் கையில் தரப்படுவதால், துணையாளின் உழைப்புக்குத் தனிக் கணக்கு கிடையாது.