சுத்தமான சரக்கா? கெமிஸ்ட்ரி என்ன சொல்லுதுன்னு கேளுங்க!

'மச்சி, கடையில விக்கிறதெல்லாம் கலப்படம்டா. நாமளே காய்ச்சினா பக்கா சுத்தம். ஃப்ராக்ஷனல் டிஸ்டிலேஷன்தானே, லேப்ல பண்ணாததா?'

ஹாஸ்டல் மொட்டை மாடியில் இப்படிப் பேசுகிற ஒரு விஞ்ஞானி உங்கள் செட்டிலும் கண்டிப்பாக இருப்பார். 'நியூசிலாந்துல வீட்டுலயே காய்ச்சறாங்க தெரியுமா?' என்று கூடவே ஒரு பிட்டையும் போடுவார். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் காலி பண்ணும். இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துடலாமா?

நியூசிலாந்து மேட்டர்

அது நிஜம்தான் பாஸ். அங்கே 1996-ல் வந்த சுங்க, கலால் சட்டம், சொந்த உபயோகத்துக்காக வீட்டில் மது வடிக்கிறவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. 2018-ல் புதுச் சட்டம் வந்தபோதும் அந்த அனுமதி தொடர்ந்தது. ஆனால் ஒரு பாட்டிலை விற்கிறதா இருந்தாலும் லைசென்ஸ், வரி எல்லாம் உண்டு. பெரும்பாலான நாடுகளில் இந்தச் சலுகையே கிடையாது. அமெரிக்காவில் 1978-ல் வீட்டில் பீர் தயாரிக்க வழிவிட்டார்கள். காய்ச்சி வடிக்கிற மதுவுக்கு அப்போது வழிவிடவில்லை.

நியூசிலாந்தில் இதற்கான பாத்திரம் கடையிலேயே கிடைக்கும். கீழே ஒரு பாய்லர், மேலே நெட்டுக்குத்தாக ஒரு குழாய். அதுதான் ரீஃப்ளக்ஸ் ஸ்டில்.

குழாய்க்குள் பரமபதம்

காய்ச்சி வடிப்பது நமக்குப் புதுசில்லை. சித்த வைத்தியத்தில் அந்தக் கருவிக்குப் பேரே 'வாலை'. வயிற்று வலி என்றால் பாட்டி கொடுக்கும் ஓம வாட்டர், அதாவது ஓமத் தீநீர், வாலையில் வடித்து எடுக்கிறதுதான்.

சரி, ஆல்கஹால் கொதிப்பது 78.4 டிகிரி செல்சியஸில். தண்ணீர் 100-ல். 'அப்ப 80 டிகிரியில வெச்சா ஆல்கஹால் மட்டும் தனியா வந்துடுமே?' வராது. கலவை என்றைக்கும் கலவையாகத்தான் கொதிக்கும். 10 சதவீதம் ஆல்கஹால் உள்ள திரவத்தைக் கொதிக்க வைத்தால், முதலில் எழும் ஆவியிலேயே கிட்டத்தட்ட பாதி தண்ணீர் இருக்கும். அதைக் குளிரவைத்து, திரும்ப வடித்து, மறுபடியும் வடித்து என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ரீஃப்ளக்ஸ் ஸ்டில் இந்த வேலையை ஒரே குழாய்க்குள் முடிக்கிறது. ஆவி மேலே ஏறுகிறது. உச்சியில் குளிர்ந்து திரவமானதில் ஒரு பகுதியை வெளியே விடாமல் குழாய்க்குள்ளேயே திருப்பி இறக்குகிறார்கள். இறங்குகிற திரவமும் ஏறுகிற ஆவியும் வழியில் நன்றாக உரசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் குழாய்க்குள் செம்புக் கம்பிவலையை அடைத்து வைப்பது. அந்த உரசலில் ஆவியில் இருக்கிற தண்ணீர் குளிர்ந்து கீழே போகும். திரவத்தில் இருக்கிற ஆல்கஹால் சூடாகி மேலே போகும். பரமபதத்தில் ஒருவருக்கு ஏணி, இன்னொருவருக்குப் பாம்பு மாதிரி! உச்சிக்குப் போகும்போது ஆல்கஹால் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆனால் எடைக் கணக்கில் 95.6 சதவீதத்தோடு ஆட்டம் குளோஸ். அங்கே ஆவியும் திரவமும் ஒரே விகிதத்துக்கு வந்துவிடும். பாடப்புத்தகத்தில் வருகிற 'அசியோட்ரோப்' இதுதான்.

இந்த மாதிரி நெட்டுக் குழாய் ஸ்டில்லைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஈனியாஸ் காஃபி. 1830-ல் பேட்டன்ட் வாங்கினார். அதற்கு முன்னால் அவர் பார்த்த வேலை? அயர்லாந்தில் கள்ளச்சாராயம் பிடிக்கிற கலால் அதிகாரி!

குழாய்க்குக் கண் கிடையாது

இப்ப அந்த மீதிப் பாதிக்கு வருவோம். ஸ்டில் பிரிக்கும். ஆனால் பிரிந்து வந்தது என்ன என்று சொல்லாது.

மெத்தனால் கொதிப்பது 64.7 டிகிரியில். 'முதல்ல வர்றதைக் கொட்டிட்டா விஷம் போச்சு' என்பது மாடி விஞ்ஞானியின் லாஜிக். மெத்தனாலும் எத்தனாலும் கலந்திருக்கும்போது ஒன்று முழுசாகப் போன பிறகு இன்னொன்று கிளம்புவதில்லை. இரண்டும் சேர்ந்தேதான் ஆவியாகும். நெருப்பு வைத்து நிறம் பார்க்கிற டெஸ்ட்டும் வேலைக்கு ஆகாது. உறுதியாகத் தெரிய கேஸ் குரோமேட்டோகிராஃப் மாதிரி கருவி வேண்டும்.

இன்னொரு உண்மையும் உண்டு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மெத்தனாலை உண்டாக்குவது மிக மிகக் குறைவு. பழங்களில் இருக்கிற பெக்டினில் இருந்துதான் கொஞ்சம் வரும். கொத்துக் கொத்தாக ஆளைக் கொல்லும் மெத்தனால், தொழிற்சாலைக்கு என்று தயாரானதை யாரோ கொண்டுவந்து ஊற்றுவது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் நடந்தது அதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்ததும் அதனால்தான்.

'விஷம் இருந்தாலும் வடிச்சு எடுத்துடலாம்' என்பதை அமெரிக்காவில் ஏற்கெனவே முயற்சி பண்ணிவிட்டார்கள். 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு. தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்கக் கூடாது என்று அரசே அதில் மெத்தனால் கலந்தது. கடத்தல் கும்பல்கள் சம்பளம் கொடுத்து கெமிஸ்ட்டுகளை வைத்து அதைப் பிரித்தெடுக்கப் பார்த்தன. 1927-ல் அரசு மெத்தனாலின் அளவைக் கூட்டியது. குடித்தவர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். நியூயார்க்கின் தலைமைப் பிரேதப் பரிசோதனை அதிகாரி சார்லஸ் நாரிஸ் அரசையே வெளிப்படையாகக் கண்டித்தார். தொழில் தெரிந்த கெமிஸ்ட்டுகளை நம்பிக் குடித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், மொட்டை மாடி எம்மாத்திரம்?

இதை மட்டும் மறக்காதீங்க

மெத்தனால் உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது கண் நரம்பைத்தான் முதலில் பதம் பார்க்கும். 10 மில்லி கூட ஒருவரைக் குருடாக்கலாம். ஆபத்து என்னவென்றால், ஆரம்பத்தில் சாதாரண போதை மாதிரிதான் தெரியும். தலைவலி, வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குவது, பார்வை மங்குவது எல்லாம் 12 முதல் 24 மணி நேரம் கழித்துக்கூட வரலாம். 'ஹேங்க் ஓவர்தான், தூங்கினா சரியாயிடும்' என்று நண்பனைப் போர்வை போர்த்திப் படுக்க வைக்காதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. வார்டனுக்கும் அப்பாவுக்கும் போலீசுக்கும் பயந்து டாக்டரிடம் மறைக்காதீங்க. என்ன குடித்தான், எப்போது குடித்தான் என்று அப்படியே சொல்லுங்க. மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. நேரம்தான் இருக்காது.

மெத்தனாலே இல்லாவிட்டாலும் வீட்டு ஸ்டில்லில் வேறு வில்லன்கள் உண்டு. சுத்தமான எத்தனால் நம்ம ஊர் அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கிற ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். குழாய் அடைத்துக்கொண்டால் பாய்லரே வெடிகுண்டு. பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விக்கிற கருவியாக வைத்து, அதன் ஈயப் பற்றவைப்பால் விஷமேறினவர்களும் அமெரிக்காவில் உண்டு.

சட்டமும் தெரிஞ்சுக்குங்க. 1937-ம் வருடத்து தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி இங்கே வீட்டில் காய்ச்சுவது, 'எனக்கு மட்டும்தான் சார்' என்று சொன்னாலும், குற்றம். அதற்கான பாத்திரத்தை வைத்திருந்தாலே கேஸ். கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் என்று 2024-ல் திருத்தம் வந்துவிட்டது.

ரீஃப்ளக்ஸ் மேல் நிஜமாகவே ஆசையா?

அப்படியென்றால் அதற்கு இடம் இருக்கு. மணலி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைப் பிரிக்கிற கோபுரங்களுக்குள் நடப்பதும் இதே ஏணியும் பாம்பும்தான். 2021 கோடையில் நாடே ஆக்ஸிஜனுக்குத் தவித்ததே, ஞாபகம் இருக்கா? காற்றைத் திரவமாக்கி, மைனஸ் 196-ல் கொதிக்கிற நைட்ரஜனையும் மைனஸ் 183-ல் கொதிக்கிற ஆக்ஸிஜனையும் பிரித்துக் கொடுத்ததும் இப்படி ஒரு கோபுரம்தான். நடுவில் இடைவெளி வெறும் 13 டிகிரி!

அந்தக் கோபுரத்துக்குள் எத்தனை தட்டு வேண்டும் என்று காகிதத்தில் படிக்கட்டு வரைந்து கண்டுபிடிக்கிற முறையை மெக்கேபும் தீலும் 1925-ல் சொன்னார்கள். இன்றைக்கும் கெமிக்கல் இன்ஜினீயரிங் மாணவர்கள் அதை வரைந்துதான் பழகுகிறார்கள். கிராஃப் ஷீட், பென்சில், ஸ்கேல் போதும். ஒரு தடவை வரைந்து பாருங்க. கிக் நிச்சயம், தலைவலி கொஞ்சம் வரலாம். கண்ணுக்கு மட்டும் நூறு சதவீதம் கேரன்டி!