நிறத் துவேஷமும் நெஞ்சின் ஈரமும்

அநீதியை எதிர்த்துப் போராடுகிறவன் அந்த அநீதியைச் செய்கிறவனிடத்திலும் அன்பு பாராட்ட முடியுமா? மாலை போட்டுக்கொண்டு மேடையில் நின்று, முடியும் என்று சொல்லிவிடுவது எளிது. நாமும் எத்தனையோ மேடைகளில் அதைக் கேட்டுக் கை தட்டியிருக்கிறோம். முகத்தில் எச்சில் வழியும் நேரத்தில் அதே விடையைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு வேறு விதமான நெஞ்சுரம் வேண்டும். மகாத்மாக்களுக்கே அது வாய்க்கும் என்று எண்ணி நாம் ஒதுங்கிவிடுவதற்கில்லை. கல்லூரி வாலிபர்களும் யுவதிகளும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அதையும் பயின்று பெற்றார்கள் என்பதற்கு, அமெரிக்காவின் டென்னஸி மாகாணத் தலைநகரான நாஷ்வில் நகரம் சாட்சி சொல்லுகிறது.

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ம் வருஷத்தில் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் தென் மாகாணங்களில் கறுப்பு மக்களுக்குப் பள்ளிக்கூடம் வேறு, தண்ணீர்க் குழாய் வேறு, பஸ்ஸில் இடம் வேறு என்ற கொடுமை அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம் நீடித்தது. நாஷ்வில் கடைவீதியிலே கறுப்பர்கள் துணி வாங்கலாம், காகிதம் வாங்கலாம். அவர்கள் நீட்டும் பணத்தைப் பெற்றுக்கொள்ளக் கடைக்காரருக்குச் சிறிதும் கூச்சமில்லை. அதே கடையிலுள்ள சிற்றுண்டிப் பகுதியில் உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி கேட்டாலோ, உலகமே கவிழ்ந்துவிட்டதுபோல் கூச்சல் எழும்.

இந்த நகரத்துக்கு ஜேம்ஸ் லாஸன் என்ற கறுப்பு வாலிபர் வந்து சேர்ந்த கதை இந்தியரான நமக்கு அந்நியமானதன்று. கொரிய யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர மறுத்து, ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தவர் அவர். விடுதலையான பின், 1953-ல், மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபையின் சார்பில் நம் நாட்டுக்கு வந்து, நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் பணி செய்தார். காந்தியடிகளின் போராட்ட முறைகளை அவர் கற்றது இங்கேதான். 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பு மக்கள் பஸ் பஹிஷ்காரம் தொடங்கிய செய்தியையும் அவர் நாகபுரியிலேயே பத்திரிகையில் படித்தார். நாடு திரும்பிய பிறகு, 1957-ல், ஓஹையோ மாகாணத்தில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். படிப்பு முடியட்டும், பிறகு தெற்கே வருகிறேன் என்றார் லாஸன். காத்திராதீர், இப்பொழுதே வாரும் என்றார் கிங். லாஸன் நாஷ்வில் சென்று வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் மதத் தத்துவ வகுப்பில் சேர்ந்தார்.

மாதா கோவிலை ஒட்டிய அறையொன்றில் அவர் நடத்திய பயிற்சி வகுப்புகளைப்பற்றி நாம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அன்பு என்பது தானாக ஊறிவரும் உணர்ச்சி என்று நாம் நினைக்கிறோம். லாஸனோ, சிலம்பம் பழக்குவதுபோல அதைப் பழக்கினார். மாணவர்களில் சிலர் வெள்ளை முரடர்களாக வேஷம் போடுவார்கள். மற்றவர்களை வைவார்கள், தலைமயிரைப் பிடித்து இழுப்பார்கள், நாற்காலியிலிருந்து கீழே தள்ளுவார்கள், முகத்தில் புகையை ஊதுவார்கள். கீழே விழுந்தவன் தலையையும் வயிற்றையும் எப்படிக் காத்துக்கொள்வது, ஒருவனை நாலு பேர் மிதித்தால் அவன்மேல் மற்றொருவன் எப்படிக் குறுக்கே விழுந்து அடியைப் பங்கிட்டுக்கொள்வது என்பனவெல்லாம் பாடங்கள். முரடனாக நடிக்கும் மாணவன், ஒரு நாழிகை நேரமாவது அந்த முரடனுடைய மனத்துக்குள் குடிபுகுந்து, அவனுடைய பயம் எங்கிருந்து வருகிறதென்று பார்த்து வரவேண்டியிருந்தது. அடிபடுகிறவன் கற்றதைவிட இவன் கற்றது குறைவென்று நாம் கருதவில்லை.

1960 பிப்ரவரி 13-ந் தேதி மாணவர்கள் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். கேட்டது கிடைக்கவில்லை, அவர்கள் எழுந்து போகவுமில்லை. நல்ல உடை உடுத்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் படித்தார்கள். பிப்ரவரி 27-ந் தேதி வெள்ளை வாலிபர்கள் கூட்டமாக வந்து அவர்களை அடித்தார்கள். எரியும் சிகரெட்டால் சுட்டார்கள். போலீஸார் வந்து, அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவர்களில் 81 பேரைக் கைது செய்தார்கள். அதற்கடுத்த சில நாட்களில் சர்வகலாசாலையார் லாஸனைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றினார்கள்.

அந்நாட்களில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்று. தெருவிலே ஒரு வெள்ளை வாலிபன் லாஸன் முகத்தில் காறி உமிழ்ந்தான். லாஸன் நிதானமாக, "உன்னிடம் கைக்குட்டை இருக்கிறதா?" என்று கேட்டார். திகைத்துப்போன அவன் கையைச் சட்டைப் பையில் விட்டு, கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தே விட்டான். முகத்தைத் துடைத்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்த லாஸன், அவனுடைய மோட்டார் சைக்கிளைப்பற்றி விசாரிக்கத் தொடங்கினார். அவன் அன்றே மனம் திருந்தினான் என்று நாம் கதை கட்டப் போவதில்லை. உமிழ்ந்த கை கைக்குட்டை கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் அவனிடம் கைக்குட்டை கேட்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதைத்தான் நாம் விசுவாசம் என்கிறோம். கடவுளிடத்தில் வைப்பதைக் காட்டிலும் மனிதனிடத்தில் அதை வைப்பது கடினம். கடவுள் யார் முகத்திலும் உமிழ்வதில்லை.

அம்மாணவர்களின் தலைவியரில் ஒருவர் டயான் நாஷ். அப்பொழுது 21 வயது. இந்த முறை பலிக்குமென்ற நம்பிக்கை முதலில் அவருக்கே இல்லை. வேறு எவரும் எதுவும் செய்யாதபடியால் இவ்வகுப்புக்கு வந்தவர் அவர். ஏப்ரல் 19-ந் தேதி விடியற்காலையில், மாணவர்களுக்காக வழக்காடிய கறுப்பு வக்கீல் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. வீடு சிதைந்தது, எதிரிலிருந்த வைத்தியக் கல்லூரியின் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, வக்கீலும் மனைவியும் தெய்வாதீனமாக உயிர் தப்பினார்கள். அன்று பகலிலேயே ஆயிரக்கணக்கானோர் வாய் திறவாமல் நகர மண்டபத்துக்கு நடந்தார்கள். மேயர் பென் வெஸ்ட் படிகளில் வந்து நின்றார். விவியன் என்ற பாதிரியார் மேயரைக் கடுமையாகக் கண்டித்து ஓர் அறிக்கை படித்தார். மேயருக்குக் கோபம் வந்தது. பதிலுக்குப் பதில் பேசினார். விவாதம் எங்கும் போய்ச் சேருவதாக இல்லை. அப்பொழுது டயான் நாஷ் முன்வந்து, மேயர் பதவியை மறந்துவிட்டு மனிதரோடு பேசினார். நிறம் ஒன்றையே காரணமாக வைத்து ஒருவரை இழிவாக நடத்துவது தவறென்று தங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். அது மனிதன் என்ற முறையில் தாம் பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி, அரசியல்வாதியாக அல்ல என்ற கருத்தில் பின்னாட்களில் அவரே கூறியிருக்கிறார். மே 10-ந் தேதி ஆறு கடைகள் கறுப்பு மக்களுக்கும் சிற்றுண்டி பரிமாறத் தொடங்கின.

மேயரின் மனச்சாட்சி மட்டுமே கதவைத் திறந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கறுப்பு மக்கள் அந்த வசந்த காலம் முழுவதும் கடைவீதியைப் பஹிஷ்கரித்தார்கள்; ஈஸ்டர் பண்டிகை வியாபாரம் படுத்துவிட்டது. பணப்பெட்டியும் வியாபாரிகளிடம் பேசியது என்பதை மறைப்பானேன்? எதிரியிடம் இரக்கம் வைத்ததற்காக அவனுடைய கடையில் சாமான் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று அம்மாணவர்கள் கருதவில்லை.

இனி, இந்த விசுவாசத்துக்கு நேர்ந்த கொடிய சோதனை. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை; அலபாமா மாகாணத்து பர்மிங்ஹாம் நகரில் ஒரு தேவாலயத்தில் வைத்த குண்டு வெடித்து நாலு சிறுமிகள் மாண்டார்கள். மூவருக்கு 14 வயது; ஒருத்திக்கு 11. அவர்களில் மூவரின் சவ அடக்கச் சடங்கில் பேசிய கிங், வெள்ளைச் சகோதரர்கள்மேல் நம்பிக்கையை இழந்துவிடலாகாது என்று மன்றாடினார். படிக்கும் நமக்கே அச்சொல் தொண்டையில் அடைக்கிறது; சிறிய சவப்பெட்டிகளின் எதிரே உட்கார்ந்திருந்த தாய்மாருக்கு எப்படி இருந்திருக்கும்? டயான் நாஷும் அவர் கணவர் ஜேம்ஸ் பெவலும் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன எண்ணினார்கள் என்பதை நாஷ் ஒளியாமல் சொல்லியிருக்கிறார். குண்டு வைத்தவர்களைக் கண்டுபிடித்துக் கொன்றுவிடுவது ஒரு வழி. அலபாமாவில் கறுப்பு மக்களுக்கு வாக்குரிமை பெற்றுக் குழந்தைகளைக் காப்பது மற்றொரு வழி. இரண்டையும் எதிரே வைத்துப் பார்த்தார்கள், இரண்டாவதைத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் வகுத்த திட்டம் செல்மா யாத்திரையாக வளர்ந்தது. 1965 ஆகஸ்டு 6-ந் தேதி வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. கோபமே வராத பொம்மைகள் அல்லர் அவர்கள். கொலையையும் ஒரு வழியாக எண்ணிப் பார்த்தவர்களுடைய இரக்கம் அது. குண்டு வைத்தவர்களும் சட்டத்துக்குத் தப்பவேண்டும் என்று அந்த இரக்கம் கேட்கவில்லை. 1977, 2001, 2002 ஆகிய வருஷங்களில் மூவர் தண்டனை பெற்றார்கள். தாமதம் வெட்கக்கேடுதான்.

காயம்பட்டவனே காயப்படுத்தியவனுக்காக இரங்கவும் வேண்டுமென்றால், சுமை முழுவதும் ஒரே தோளில் ஏறுகிறதே என்று கேட்பாருண்டு. இடைவிடாமல் தாக்கப்படும் மனிதனுக்குத் தற்காப்பு வேண்டாமென்று போதிப்பதே குற்றம் என்றார் மால்கம் எக்ஸ். இந்த ஆட்சேபத்தை நாம் இலேசாகத் தள்ள மாட்டோம். தள்ளும் யோக்கியதை நமக்கு இருக்கிறதா என்பதும் கேள்வி. 1959-ல் கிங் நம் நாட்டுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சென்றார். தலைமை ஆசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சகோதரத் தீண்டாதார் என்று அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சியும் சிறிது மனத்தாங்கலும் ஏற்பட்டன. பிறகு யோசித்து, ஆம், நான் தீண்டாதவன்தான் என்று தமக்குள் ஒப்புக்கொண்டதாக 1965-ம் வருஷத்துப் பிரசங்கம் ஒன்றில் கூறினார். அமெரிக்க வெள்ளையரின் நிறத்திமிரைக் கண்டித்து எழுதும்போது நம் பேனா தயங்குவதில்லை. சேரிக்கும் ஊருக்கும் நடுவே நாமே போட்டு வைத்திருக்கும் கோட்டைப்பற்றி எழுதும்போதுதான் மை உறைகிறது. சேரியில் இருப்பவரிடம் போய்ப் பொறுமையைப் பிரசங்கம் செய்ய ஊராருக்கு உரிமை கிடையாது. அது லாஸனும் நாஷும் தங்கள்மேல் தாங்களே ஏற்றுக்கொண்ட விரதம்.

அவ்விரதம் சொரணையை அழித்துவிடவுமில்லை. மனிதர்கள் பகைவர் அல்லர், அநீதியான அமைப்புகளே பகை என்று வாழ்நாளெல்லாம் சொல்லி வந்த நாஷ், செல்மா யாத்திரையின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்காக 2015 மார்ச்சில் அங்கே போனார். யுத்தம் நடத்திய முன்னாள் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அந்த ஊர்வலத்தில் வந்தபடியால், அஹிம்சையின் பெயரால் நடக்கும் விழாவில் அவரோடு நடக்க மாட்டேன் என்று விலகி நின்றார்.

நாஷ்வில் வகுப்பில் பயின்ற மற்றொருவர் ஜான் லூயிஸ். 1961 மே 9-ந் தேதி, தென் கரோலினா மாகாணத்து ராக் ஹில் பஸ் நிலையத்தில், வெள்ளையருக்கென்று ஒதுக்கிய அறைக்குள் நுழைந்ததற்காக அவர் இரத்தம் வர அடிக்கப்பட்டார். வழக்குத் தொடர விரும்புகிறீரா என்று போலீஸார் கேட்டபோது வேண்டாமென்றார். பின்னர் அவர் அமெரிக்க காங்கிரஸ் சபையில் அங்கத்தினராகி, 2020-ல் காலமாகும் வரையில் அப்பதவியில் இருந்தார். 2009 பிப்ரவரியில் ஒரு வயோதிகர் தம் மகனோடு வாஷிங்டனில் அவருடைய அலுவலகத்துக்கு வந்தார். ராக் ஹில்லில் உங்களை அடித்தவர்களில் நானும் ஒருவன், மன்னிக்க வேண்டும் என்றார். லூயிஸ் அவரை அணைத்துக்கொண்டார். மூவரும் கண்ணீர் விட்டார்கள். அந்த ஒரு மனிதர் வருவதற்கு 48 வருஷம் ஆயிற்று. அன்று பஸ் நிலையத்தில் அவரோடு நின்று அடித்த மற்றவர்கள் வரவில்லை.