தளிக் குளிரில் ஓர் ஆங்கிலப் பாட்டு

வெள்ளைக்காரர்கள் சீதோஷ்ணத்தை மெச்சிக் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரிட்டழைத்த தளியில், மார்கழி பிறந்து காலை மூடுபனி லேசில் விலகாத நாட்களில், பசுமைக்குடில் ரோஜாக்கள் பெங்களூருக்கு வண்டியேறிக்கொண்டிருக்க, வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் கன்னடமும் பள்ளிக்கூடத்தில் தமிழுமாகப் பேசிப் பழகிய பிள்ளைகள், நான்காவது பாஷையாகிய ஆங்கிலத்தைக் கிறிஸ்துமஸ் பாட்டுக்களின் வழியாகப் பயில்வது உசிதமா என்று கேட்டால், உசிதம் மாத்திரமல்ல, இலக்கணப் புத்தகத்தைக் காட்டிலும் சுலபமான மார்க்கமும் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

பாட்டால் பாஷை கற்பது நமக்குப் புதிதன்று. சொல்லையும் பொருளையும் விருத்தத்தில் அடக்கிய மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் அர்த்தம் விளங்குவதற்கு முன்பே நெட்டுருப் போட்டார்கள். 2022-இல் அரசுப் பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் இடம் உண்டு.

எந்தப் பாட்டு என்று என்னைக் கேட்டால், 'தி ட்வெல்வ் டேஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' என்பேன். 1780 வாக்கில் லண்டனில் அச்சேறிய அது ஆதியில் ஞாபகசக்தியைச் சோதிக்கும் விளையாட்டு. அடி தவறியவர் அபராதம் கொடுக்கவேண்டும். இன்று வழங்கும் மெட்டு ஃபிரெடெரிக் ஆஸ்டின் என்பவர் 1909-இல் வெளியிட்டது. முதல் நாள் கவுதாரி இனத்துப் பறவை ஒன்று, மறுநாள் புறாக்கள் இரண்டும் மீண்டும் அந்தப் பறவையும் என்று பரிசுகள் ஏறிக்கொண்டே போக, ஒவ்வொரு நாளும் பழைய ஜாபிதா முழுவதையும் மேலிருந்து கீழாகத் திரும்பச் சொல்லியாகவேண்டும். இப்படிச் சொல்லச் சொல்ல, 'ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட்' என்று முரண்டு பிடிக்கும் மூன்றும் போக மற்றவையெல்லாம் 'த்' என்னும் ஒரே விகுதியில் அடங்குவதை, விதி சொல்லாமலே பிள்ளைகளின் காது கண்டுகொள்கிறது. 'ஃபிஃப்த்', 'ட்வெல்ஃப்த்' என்று மெய்கள் நெருக்கியடித்து நிற்குமிடத்தில் நடுவே ஓர் உயிரைச் செருகிக்கொள்ளும் நம் நாக்கின் சுபாவத்தைத் தாளம் கண்டித்துத் திருத்துகிறது. நம் மூன்று பாஷைகளிலும் இல்லாத 'எ', 'தி' என்னும் சிறு சொற்களைப் பேச்சிலே விட்டுவிடும் பிள்ளை, பாட்டிலே விட்டால் மெட்டு இடறும். பனிமழை கண்டிராத குழந்தைகளுக்கு அந்நிய வஸ்துக்கள் எதற்கு என்று ஆட்சேபிப்போர் உண்டு. கவுதாரி தளிக் காட்டோரத்துப் பிள்ளைக்கு அந்நியமா? கணக்கு வாத்தியாரும் சேர்ந்துகொள்ளலாம்: பன்னிரண்டு நாளும் வந்த பரிசுகளைக் கூட்டினால் 364.

1934-இல் பிரபலமான 'சாண்டா கிளாஸ் இஸ் கமிங் டு டவுன்' என்ற பாட்டுக்குத் தலைப்பே பாடம். இனி வரப்போகிறவரை நிகழ்கால வினையால் சொல்லும் இந்தப் பிரயோகத்தை விளக்க இலக்கண நூல்கள் வெகு சிரமப்படுகின்றன. ஆனால், 'மாமா நாளைக்கு வருகிறார்' என்று தமிழிலும் அப்படித்தானே சொல்கிறோம்! தெலுங்கின் 'வஸ்தாரு', கன்னடத்தின் 'பர்த்தாரெ' ஆகியவையோ வழக்கமாக வருவதையும் இனி வரப்போவதையும் ஒரே உருவத்தில் குறிக்கின்றன. தளிப் பிள்ளையின் வாயிலேயே மூன்று சாட்சிகள் தயாராக இருக்க, ஆசிரியர் அவற்றைக் கூப்பிடாமல் கரும்பலகை நிறைய வாய்பாடு எழுதிப்போடுவது வீண் பிரயாசை.

இதே ஓசூர்ச் சீமையில், தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு சமாதானப் பிரார்த்தனை எழுத, ஹேண்டல் மானுவேல் அதற்கு மேனாட்டு முறையில் மெட்டமைக்க, எம்.எஸ். சுப்புலட்சுமி 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் அதைப் பாடினார். கர்நாடக சங்கீதத்தில் ஊறிய அம்மையார், ராகங்களைப் போலவே அந்த ஆங்கில உச்சரிப்பையும் சாதகம் செய்தே வசப்படுத்தவேண்டியிருந்தது. அது பண்டிகைப் பாட்டல்ல. ஆயினும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க சங்கதி.

பாடவைத்ததோடு விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் சப்தம். மெட்டு நாவில் படிந்தபிறகு, சீமைப் பறவைகளை இறக்கிவிட்டு ஊர்ச் சரக்கை ஏற்றச் சொல்லவேண்டும்: முதல் நாள் ஒரு ரோஜா, இரண்டாம் நாள் இரண்டு முட்டைக்கோசு, மூன்றாம் நாள் மூன்று தக்காளி. 'டூ கேபேஜஸ், த்ரீ டொமேட்டோஸ்' என்று எழுதப் புகும்போதுதான், பன்மைக்கு எங்கே 'எஸ்' மட்டும் வரும், எங்கே அதற்கு முன் 'ஈ' சேரும் என்ற சந்தேகம் பிள்ளைக்கே எழும். தானே கேட்ட சந்தேகத்தின் விடை மறக்காது. தேவாலயத்துப் பழைய கீதங்களோ வேறு ஜாதி. ஆஸ்திரியாவில் 1818-இல் ஜெர்மன் மொழியில் பிறந்து பின்பு ஆங்கிலமான 'சைலன்ட் நைட்' போன்றவற்றில் வாக்கியம் முன்பின்னாகப் புரண்டும், வழக்கொழிந்த உருவங்கள் கலந்தும் கிடப்பதால், அவற்றை மேல்வகுப்புக்கு ஒதுக்கிவைப்பதே விவேகம்.

இன்னொன்று, கால விஷயம். நம் பள்ளிகளில் டிசம்பர் பிற்பாதி அரையாண்டுத் தேர்வுக்குப் போய்விடுகிறது. அது முடிந்த கையோடு விடுமுறை. பாட்டுப் பாடத்தைக் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு வைத்துக்கொண்டால் வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், கார்த்திகையிலேயே தொடங்கிவிடவேண்டும்.