நோட்டுப் புத்தகத்தில் மலர்ந்த சிறுமலர்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் திருவள்ளுவரைப் பற்றி எழுதுவோம். காமராசரைப் பற்றி எழுதுவோம். அறிவியல் விந்தைகளைப் பற்றியும் எழுதுவோம். ஆனால் நம் உள்ளம் எவ்வாறு வளர்கிறது என்று எழுதச் சொன்னால் மட்டும் பேனா நின்றுவிடுகிறது. "எழுதுகிற அளவுக்கு என் வாழ்வில் என்ன நடந்துவிட்டது?" என்ற எண்ணமே இதற்குக் காரணம். பெரிய செயல் செய்தவர்கள்தாம் தம்மைப் பற்றி எழுதலாம் என நாம் நினைக்கிறோம். இது சரிதானா? உலகம் வியக்கும் செயல் எதுவும் செய்யாத ஓர் இளம்பெண்ணின் நோட்டுப் புத்தகம் இதற்கு விடை தருகிறது. அவரே, 'சிறுமலர்' என நாம் அன்புடன் அழைக்கும் புனித குழந்தை இயேசுவின் தெரேசாள்.

எழுதச் சொன்ன அக்கா

தெரேசாள் 1873-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள் பிரான்ஸ் நாட்டிலுள்ள அலென்சோன் நகரில் பிறந்தார். நான்கு வயதிலேயே தாயை இழந்தார். 1888 ஏப்ரல் 9 அன்று லிசியே நகரின் கர்மேல் மடத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. ஏறக்குறைய ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் வயது! அடைபட்ட மடமாதலால் அவர் ஊர் ஊராகச் சென்று போதிக்கவில்லை. பள்ளிகளோ மருத்துவமனைகளோ நிறுவவும் இல்லை. செபித்தார், துணி துவைத்தார், கோவில் பொருள்களைப் பேணினார். 1897 செப்டம்பர் 30 அன்று காசநோயால் தமது 24-ஆம் வயதில் இறந்தார்.

இவர் தாமாக எழுத முன்வரவில்லை. 1894-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு குளிர்கால மாலையில், அதே மடத்தில் துறவியராயிருந்த தம் அக்காமாரிடம் சிறுவயது நிகழ்ச்சிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட மூத்த அக்கா மரியாள், இவற்றை எழுதி வைக்கவேண்டும் என்றார். இரண்டாவது அக்கா பவுலின் அப்போது மடத் தலைவி; அன்னை ஆக்னஸ் என்பது அவரது துறவறப் பெயர். அவர் இட்ட கட்டளைக்குப் பணிந்து, ஓய்வு நேரங்களில் சாதாரண நோட்டுப் புத்தகத்தில் தெரேசாள் எழுதினார். 1896 சனவரியில் அதை அக்காவிடம் கொடுத்தார். 1897 சூன் மாதம், நோயின் நடுவே மற்றொரு நோட்டில் எழுதினார். பேனா பிடிக்க வலுவில்லாமல் இறுதிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார்.

அவர் இறந்து சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1898 செப்டம்பர் 30 அன்று, 'ஓர் ஆன்மாவின் வரலாறு' என்னும் பெயரில் இவ்வெழுத்துகள் நூலாயின. முதலில் அச்சானவை 2,000 படிகளே. பின்னர் அந்நூல் பல மொழிகளில் உலகெங்கும் பரவியது.

சின்னஞ்சிறு நிகழ்ச்சிகள்

அந்நூலில் அப்படி என்ன இருக்கிறது? மாலைத் தியானத்தில் தமக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஒரு சகோதரி ஓயாமல் சிறு ஒலி எழுப்பிக்கொண்டே இருந்ததை எழுதுகிறார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் ஒலி நின்றிருக்கும். ஆயினும் அச்சகோதரியின் மனம் நோகும் என்று திரும்பாமல் இருந்தார். அந்தப் போராட்டத்தில் உடல் வியர்த்துப்போனதாம்! பிறகு, கேட்காமலிருக்க முயல்வதை விட்டுவிட்டு, அவ்வொலியை இனிய இசையாக எண்ணிக் கேட்டு இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தார்.

துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி அழுக்கு நீரை முகத்தில் தெறித்தபோது, முகத்தைத் துடைத்துக் காட்டாமல் பொறுத்துக்கொண்டதும் அந்நூலில் உண்டு. இவை நம் வகுப்பறையிலும் விடுதியிலும் நாள்தோறும் நடப்பவை அல்லவா? அச்சகோதரிகளின் பெயர்களை அவர் எழுதவில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

மென்மை என்பது யாது?

தம்மை வளர்த்துக்கொள்ள விரும்புவோர் பலர் தம்மையே கடிந்து வருத்திக்கொள்கின்றனர். "அவள் முதல் மதிப்பெண் பெறுகிறாள், நான் எதற்கும் உதவாதவள்" என்று மனம் சோர்பவர் நம்மிலும் உண்டு. தெரேசாளின் வழி வேறு. புனிதர்களோடு தம்மை ஒப்பிட்டபோது, மலையின் முன் மணல் துகள் போலத் தோன்றியது அவருக்கு. ஆயினும் சோர்ந்துவிடவில்லை. செல்வர் வீடுகளில் மாடிப்படிக்குப் பதிலாக அப்போது லிப்ட் வந்திருந்தது. அதை நினைத்து, ஏற முடியாத சிறு பிள்ளையைத் தூக்கிச் செல்லும் இயேசுவின் கரங்களே தமக்கு லிப்ட் என்று எழுதினார். இதுவே அவரது 'சிறிய வழி'.

செபத்தில் தூங்கிவிடுவதையும் அவர் மறைக்கவில்லை. பிள்ளை விழித்திருந்தாலும் உறங்கினாலும் பெற்றோருக்கு அதன்மேல் அன்பு குறைவதில்லையே என்று ஆறுதல் கொண்டார். ஒருமுறை, மடத் தலைவி நோயுற்றிருந்தபோது சாவிகளைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். உடனிருந்த சகோதரி தடுக்க, சத்தத்தில் தலைவி விழித்துக்கொண்டார். பழி தெரேசாள் மேல் விழுந்தது. அங்கே நின்றால் எதிர்த்துப் பேசிவிடுவோம் என்று உணர்ந்து விரைந்து வெளியேறினார். நெஞ்சு படபடக்க, படிக்கட்டில் அமர்ந்துவிட்டார். இது வீரச் செயல் அன்று என அவரே எழுதுகிறார். ஆயினும் தோல்வி உறுதி என்று தெரிந்த இடத்தில் விலகுவதே நன்று என்கிறார்.

மென்மை என்பது சோம்பல் அன்று. தன் வலிமையின் எல்லையை அறிந்து, தன்னை வெறுக்காமல், இன்று முடிந்த சிறு அடியை எடுத்து வைப்பதே மென்மை.

நாம் எழுதும்போது

சிறுமலரின் எழுத்திலிருந்து நாம் நான்கு பாடங்கள் கற்கலாம்.

முதலாவது, சிறிய நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். "பொறுமை கடலினும் பெரிது" என்று பக்கம் நிரப்புவதைவிட, தங்கையுடன் சண்டையிடாமல் அடக்கிக்கொண்ட ஒரு மாலையை எழுதுவது மேல்.

இரண்டாவது, வெற்றியை மட்டுமன்றிப் போராட்டத்தையும் எழுதுவோம். வியர்த்துப்போனதை எழுதியதால்தான் தெரேசாளின் பொறுமையை நாம் நம்புகிறோம்.

மூன்றாவது, பிறருக்கு உபதேசம் செய்வதைத் தவிர்ப்போம். பிறர் மனம் நோகும்படியும் எழுதாதிருப்போம்.

நான்காவது, அன்பான ஒருவரை மனத்தில் வைத்து எழுதுவோம். தெரேசாள் முதலில் உலகுக்காக எழுதவில்லை; அக்காவுக்காக எழுதினார். ஆகவே அவர் நடையில் பகட்டு இல்லை.

பெற்றோரும் ஆசிரியைகளும் இதில் பங்கு பெறலாம். பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு, "இதை எழுதி வை" என்று சொல்ல அக்காமார் இல்லாதிருந்தால் அந்நூல் பிறந்தே இருக்காது.

1925 மே 17 அன்று திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் தெரேசாளுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1997 அக்டோபர் 19 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். பேரறிஞர்களான அகுஸ்தினாரும் அக்குவினாரும் பெற்ற சிறப்பு அது! நோட்டுப் புத்தகத்தில் எழுதிய ஓர் இளம் துறவிக்கும் அது கிடைத்தது.

எல்லா மலரும் ரோஜாவாக வேண்டியதில்லை என்பதே அவர் கண்ட உண்மை. தும்பைக்கும் தோட்டத்தில் இடமுண்டு. ஆகவே, தோழியரே, அடுத்த ஆண்டு மலருக்கு நம் சிறு வாழ்வைப் பற்றியும் அஞ்சாமல் எழுதுவோம்!