ஈப்போ: மலை, குளம், நிரை

எங்கள் ஈப்போவைச் சுற்றிலும் தினமும் காணும் காட்சிகள் மூன்று. நெட்டுக்குத்தான மலைகள் சுண்ணாம்புக் கல்லாலானவை. அவற்றின் குகைகள் மழைநீர் கரைத்துக் குடைந்தவை. குளங்களில் பல இயற்கையானவை அல்ல, ஈய லம்பங்கள். 1985இல் ஈயவிலை சரிந்தபின் பெரும்பாலானவை மூடப்பட்டன. குழிகளில் நீர் தேங்கியது. மூன்றாவது, செம்பனை நிரைகள். அங்கேதான் நம் பாட்டிமார் விடியற்காலையில் பால்மரம் வெட்டினார்கள். ரப்பர் போயிற்று, லயங்களும் போயின. பல இடங்களில் மாரியம்மன் கோயில் மட்டுமே மிச்சம்.

மலையைக் கல்லுடைப்பு தின்கிறது. குளத்தை வீடமைப்பு மூடுகிறது. தோட்டங்களுக்குத் தமிழர் இட்ட பெயர்களோ பெரியவர்கள் நாவில் இருக்கின்றன. நண்பர்களே, இந்த விடுமுறையில் அவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். நிரை, லயம், வெளிக்காடு என்பவையும் நம் தமிழே என்பேன்.