தாழ்வுபாட்டு மணலில் தாரா வளர்ப்பு

மன்னார் தீவின் தாழ்வுபாட்டில் தாரா வளர்க்க நினைப்போருக்குப் பெரிய செலவு கூடல்ல, குளம்தான். கடற்கரை மணலில் வெட்டிய குழியில் தண்ணீர் நிற்காது. தறப்பாள் விரிக்கலாம், நீடித்து நிற்கச் சீமெந்துத் தொட்டியே நல்லது. 6 அடிக்கு 4 அடி, ஒன்றரை அடி ஆழமென்றால் நிரப்ப ஏறத்தாழ 1000 லீற்றர் வேண்டும். உவர்நீர் குஞ்சுகளுக்கு ஆகாது. உண்மையில், முட்டைக்காக வளர்ப்பவருக்குக் குளமே கட்டாயமில்லை. தலை முழுவதும் அமிழும் ஆழத்தில் ஒரு பாத்திரம் போதும். முதல் சிறிது என்றால் அப்படித் தொடங்குவதே புத்தி.

10 தாராக்களுக்கு 40 சதுர அடிக் கூடு, கிடுகுக் கூரை, கீரியும் நாயும் நுழையாத கம்பி வலை. தாரா அதிகாலையில் முட்டையிடும். 9 மணிக்கு முன் திறந்துவிட்டால் முட்டை பற்றைக்குள் போய்விடும். காக்கி கம்பெல் இனம் நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் தரும். ஆனால் அடைகாக்காது, கோழியை அடைவைத்தால் 28 நாளில் குஞ்சு பொரிக்கும்.

மீன்கழிவு நல்ல தீனிதான். அளவு மீறினால் முட்டையில் மீன் வாடை அடிக்கும், வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கோ தாராவுக்கு நஞ்சு.

வங்காலைச் சரணாலயத்துக்கு வலசை வரும் காட்டுத் தாராக்கள் பறவைக் காய்ச்சல் கிருமியைக் கொண்டுவரக்கூடும். அந்த மாதங்களில் குளத்துக்கு மேலும் வலை கட்டிவிடுங்கள்.