பிச்சாவரத்து நீர்க்காடு

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் காடும் கடலும் கலந்து கிடப்பதே பிச்சாவரம்.

படகு கால்வாய்க்குள் நுழைந்ததும் வெயில் மறைகின்றது. சுரபுன்னையின் வளைந்த வேர்கள் மரத்தைத் தாங்கி நிற்கின்றன. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்டு தொங்கிய பின்னரே சேற்றில் வீழ்ந்து ஊன்றுகிறது. வெண்கண்டலோ சேற்றுக்கு மேல் விரல்போன்ற வேர்களை நீட்டி மூச்சு விடுகிறது. கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் நம்மைப் பொருட்படுத்துவதில்லை. சிதம்பரத்திற்குப் பெயரளித்த தில்லை மரமும் இங்குண்டு. அதன் பால் கண்ணிற்கு நஞ்சு, கிளையொடிக்கும் சிறுவர்கள் கவனிக்க!

ஆங்கிலேயர் காலந்தொட்டுக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்ததால் தரை தாழ்ந்து தொட்டியாயிற்று. தேங்கிய கடல்நீர் வெயிலில் உப்பேற, மறுபடி மரம் முளைக்கவில்லை. பழியோ விறகு பொறுக்கிய ஏழைகள் மேல் விழுந்தது! 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடிக் கால்வாய்கள் வெட்டி நீரோட்டத்தை மீட்டனர், கன்றுகள் தழைத்தன.

2004, டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டிற்குப் பின்னிருந்த சிற்றூர்களில் சேதம் குறைவு. கடலிலிருந்து தொலைவும் தரையின் உயரமும் உதவின என்பாரும் உளர்; அதுவும் மெய்யே. எனினும் அவ்வூரார் காட்டையே நன்றியோடு நோக்குகின்றனர்.

2022-இல் இக்காடு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. நீர் வற்றும் வேளையில் இருளர் மக்கள் ஓலைப்பறியைப் பல்லாற் கவ்வியபடி, வேர்களிடையே கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர்.